சொந்தக்காரர்: ஆவுடைத்தங்கம்

காணாமல் போயிருந்த குழாய் ஒன்று சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தோடு ஊத்துமேட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் நின்ற காலையில் ஆவுடைத்தங்கம் சீரியல் லைட்டுச் சரங்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்தால் எடுத்த சிக்கும் மறுபடி விழுந்துவிடும் என்பதால் அவள் எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாங்க, வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் தான் மரியாதை கொடுத்துப் பேசியது ஒரு ஒலிபெருக்கிக் குழாயோடு என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் குழாய் உள்ளே வந்து, பொட்டலத்தை மேசையில் வைத்து, மற்ற குழாய்கள் இருந்த சுவரோரமாகச் சாய்ந்துகொண்டது. காராச்சேவு நல்ல சரக்கு, பூண்டு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஊத்துமேட்டில் குழாய் என்றால் தண்ணீர் வருவது இல்லை, பாட்டு வருவது. கோவில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மரத்து உச்சியில் கட்டுகிற அந்தக் கூம்புகளும், பீரோ உயரத்துக்கு நிற்கிற ஸ்பீக்கர் பெட்டிகளும், மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் போக்கஸ் லைட்டும், நாலு ஆள் கம்பு கொடுத்துத் தூக்க வேண்டிய பழைய டீசல் ஜெனரேட்டரும் சேர்ந்ததுதான் தங்கத்தின் ஒலி ஒளிக் கடை. ஊரில் இப்படி இன்னும் சில செட்டுக்காரர்கள் உண்டு, பெரிய கொடைக்கு எல்லாரையும் சேர்த்தே கூப்பிடுவார்கள், கொடை முடிந்து ஆளாளுக்குக் கண் செருகிக்கொண்டு சாமான் ஏற்றும்போது யார் குழாய் யார் வண்டியில் ஏறியது என்பது அந்த அம்மனுக்கே தெரியாது. தங்கம் தன் சாமான்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துப் பார்த்தாள், அடுத்த வருஷமே இன்னொரு செட்டுக்காரருக்கும் பச்சை பிடித்துப்போனது.

அதனால்தான் கோயம்புத்தூரிலிருந்து விற்பனைக்கு வந்த தம்பி ஒருவன் 'கைவசம்' என்கிற செயலியை அவள் செல்போனில் ஏற்றிக் கொடுத்து, உள்ளங்கை அகலத்தில் சீட்டு அடிக்கும் பெட்டி ஒன்றையும் தந்தபோது அவள் மறுக்கவில்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு, சீட்டில் கறுப்புக் கட்டம், கட்டத்துக்குக் கீழே பெயரும் எண்ணும் தயாரித்த வருஷமும், வண்டியில் ஏற்றும்போது கட்டத்துக்கு நேரே செல்போனைக் காட்டினால் 'வெளியே' என்று பதிந்துகொள்ளும், இறக்கும்போது காட்டினால் 'உள்ளே', மழையில் ஊறினாலும் சீட்டு உரியாது என்று அவன் ஒரு சீட்டை வாளித் தண்ணீரில் முக்கியே காட்டினான். "இங்கிலீஷ்லயே வெச்சுரலாங்களாக்கா, எல்லாரும் அப்படித்தானுங்க வெக்கிறாங்க" என்று கேட்டான். "தமிழ்லயே இருக்கட்டும் தம்பி, எங்க குழாய்க்கும் வயருக்கும் இங்கிலீசு ஓடாது" என்றாள் தங்கம். இரண்டு பேரும் சிரித்தார்கள், அவன் தமிழை வைத்துவிட்டுப் பேருந்து ஏறிப் போனான்.

தமிழில் வைத்ததும் சீட்டின் கடைசி வரி 'சொந்தக்காரர்' என்று வந்தது. உரிமையாளர் என்று போட்டிருந்தால் கதையே இல்லை, ஆனால் மொழிபெயர்த்த புண்ணியவான் ஜனங்கள் பேசுகிற சொல்லாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டார், அவர் நினைத்ததிலும் தப்பில்லை, வீட்டுக்கும் வயலுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சொந்தக்காரர் யார் என்றுதான் நாமும் கேட்கிறோம். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரமும் வாங்கி ஊற்றிக்கொள்கிறவரும் அதே சொந்தக்காரர்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் வரவில்லை. குழாயும் பெட்டியும் வயரும் தங்கள் முதுகில் ஒட்டியிருந்த 'சொந்தக்காரர்: ஆவுடைத்தங்கம்' என்ற வரியை வாசித்தன, தங்கள் வாழ்நாளில் அவை வாசித்த முதல் வரி அது, அதைப் படித்ததும் தங்களுக்கு ஆள் இருக்கிறது என்று அவை மனம் குளிர்ந்து போயின.

அன்றிலிருந்து சாமான் எதுவும் தொலையவில்லை, தொலைந்தாலும் தானாக வந்தது, வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் விட்டுவிட்டு வந்த ஸ்பீக்கர் பெட்டி பால்கோவாவோடு வந்தது, கோவில்பட்டியில் எவனோ சுருட்டிக்கொண்டு போன வயர்க் கட்டு கடலைமிட்டாயோடு வந்தது, திருச்செந்தூருக்குப் போன மைக் தலையிலிருந்த பஞ்சுக் குல்லாயைக் காணிக்கை கொடுத்துவிட்டு வழவழவென்று சந்தனம் பூசிக்கொண்டு பனங்கற்கண்டோடு வந்தது. எப்படி வந்தன, பேருந்திலா நடந்தா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கும்போது வாசலில் நிற்கும், அவ்வளவுதான். செயலியும் தன் பங்குக்கு மாறிப்போனது. வெளியே, உள்ளே என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் 'சேமம்' என்றும் 'வழியில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருக்காக, செவ்வாய்க்கிழமை வருவாக' என்றும் 'சொல்லாம ஏத்திட்டாகன்னு வருத்தம்' என்றும் காட்ட ஆரம்பித்தது, தங்கம் அதை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போய்ச் சமாதானம் சொல்லுவாள்.

வெளியே தலையில் அடித்துக்கொண்டாளே தவிர உள்ளுக்குள் அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஊத்துமேடுதான் அவள் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுதான், ஆனால் இரண்டு பக்கமும் அவளுக்கு ஆள் கிடையாது. லைட்டு கட்ட வந்த காளிராஜ் வேறு ஆட்கள், இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு வந்த அன்றைக்கு அவன் பக்கம் கதவைச் சாத்தியது, இவள் பக்கம் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டது. கூடப் பிறந்த அண்ணன் சங்கரவேலு எதிர்ச்சாரியிலேயே பந்தல் கடை வைத்திருந்தான். பந்தல் போடுகிற வீட்டில்தான் குழாயும் கட்டுவார்கள் என்பதால் அண்ணனும் தங்கையும் ஊர் விசேஷம் அத்தனையிலும் ஒரே முற்றத்தில் நிற்க வேண்டியிருந்தது, பேசியே ஆகவேண்டும் என்று வந்தால் காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். "அந்தப் பெட்டி ரெண்டடி தள்ளுனா கம்பு ஊனலாம்" என்று அவன் கூரையிடம் சொல்வான். "முதல்ல கம்பு வரட்டும், பெட்டி தானா தள்ளும்" என்று அவள் மைக்கிடம் சொல்வாள். காளிராஜோடு அந்தக் காற்றுப் பேச்சும் கிடையாது, எப்போதாவது தவிர்க்க முடியாமல் போனால் அண்ணன் அவனை 'ஏ லைட்டு' என்று கூப்பிடுவான்.

அதுகூட அவளுக்குப் பழகிவிட்டது, பழகாத ஒன்று மகளின் காது. முத்துநிலா நாலாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், இன்னும் காது குத்தவில்லை. ஊசி இருக்கிறது, ஆசாரி இருக்கிறார், அரிசி மணி போல ஒரு ஜோடிக் கம்மல்கூட வாங்கி வைத்திருக்கிறது, இல்லாதது மடி. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும், அந்த மடி எதிர்ச்சாரியில் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. டவுனுக்குப் போய்க் கடையில் மெஷினில் குத்திக்கொண்டு வந்துவிடலாம் என்று காளிராஜ் ஒரு தரம் சொல்லிவிட்டு அதற்காக வாரக்கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டான். பிள்ளை ஒட்டுப்பொட்டு இரண்டை எடுத்துக் காது மடலில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும், மத்தியானத்துக்குள் வேர்வையில் ஒன்று கழன்று விழுந்துவிடும். ஒற்றைப் பொட்டோடு அது வீட்டுக்கு வரும்போதெல்லாம் தங்கம் வெறுங்காதுக்கு இன்னொரு பொட்டை எடுத்து ஒட்டிவிடுவாள்.

இந்த வேளையில்தான் வீடு நிறைய சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முறை வைப்பதில் அவர்களுக்குக் குழப்பமே வரவில்லை, சீட்டில் தயாரித்த வருஷம் இருக்கிறதே, அவளுக்கு முந்திப் பிறந்ததெல்லாம் அண்ணன் அக்காள், பிந்திப் பிறந்ததெல்லாம் தம்பி தங்கச்சி, இதில் எல்லாருக்கும் மூத்தவர் ஜெனரேட்டர். அவர் வயிற்றில் அடித்திருந்த தகட்டின்படி அவர் தங்கத்துக்கும் மூத்தவர், சங்கரவேலுக்கும் மூத்தவர். காளிராஜ் அது தெரிந்த மறுநாளிலிருந்து அவரை ஸ்டார்ட் பண்ணப் பிடியைச் சுற்றும்போது, "மச்சான், கைய வச்சிட்டேன்னு தப்பா எடுத்துக்கிடாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் சுற்றினான். முன்பெல்லாம் பத்துச் சுற்றுக்கு இருமி இருமிப் பிடிக்கிற ஜெனரேட்டர் அதற்குப் பிறகு பிடியைத் தொட்டதுமே எழுந்து நின்றது.

ஊர் இதைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டது, ஏற்றுக்கொள்ளாமல் வேறு வழியும் இருக்கவில்லை. மேலத்தெருக் கல்யாணத்தில் தாலி கட்டப் போகிற நேரத்தில் பெட்டிகள் வாயைத் திறக்கவில்லை, காளிராஜ் வயரை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தான், தங்கம் செல்போனைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பாவிடம் போய், "மாமா, இவுகளுக்குப் பத்திரிகை வைக்கலையாம்" என்றாள். அவர் பாவம், பட்டு வேட்டி தடுக்கத் தடுக்க ஓடி வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நீட்டி, "வேலை மும்முரத்துல விட்டுப்போச்சு, மனசுல வச்சுக்கிடாம குடும்பத்தோட இருந்து நடத்திக் குடுக்கணும்" என்றார். அடுத்த நொடி நாதஸ்வரம் நாலு ஊருக்குக் கேட்டது. அன்றிலிருந்து விசேஷ வீட்டுக்காரர்கள் பத்திரிகை அடிக்கும்போது செட்டுக்கென்று தனியாக ஒரு கட்டு சேர்த்து அடித்தார்கள், பந்தியில் குழாய்களுக்கும் இலை போட்டார்கள், சாப்பிட்டது யார் என்று எட்டிப் பார்க்கிற நாகரிகமில்லாத ஆள் ஊத்துமேட்டில் கிடையாது, ஆனால் இலையெல்லாம் காலியாகி உள்பக்கமாக மடித்துக் கிடந்தது. பாயசம் பிடித்திருந்தால் அன்றைக்குப் பாட்டில் ஒரு குழைவு இருக்கும்.

பிறகு ஆளாளுக்குச் சீட்டு ஒட்ட ஆசைப்பட்டார்கள். சலூன் கடைக்காரர் சுழல் நாற்காலிக்கு ஒட்டினார், அது முடி வெட்ட உட்கார்ந்தவர்களைக் காபி குடிக்காமல் இறங்க விடவில்லை. ஊராட்சியில் தண்ணீர் லாரிக்குச் சீட்டு அடித்தபோது சொந்தக்காரர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று தகராறு வந்து கடைசியில் 'ஊத்துமேடு' என்று மொத்தமாகப் போட்டுவிட்டார்கள், லாரி மறுநாளே எந்தத் தெரு எவருடையது என்று பார்க்காமல் வீடு வீடாக நின்று நலம் விசாரித்துத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனது. பல வருஷமாக லாரி எட்டிப் பார்க்காத காலனிப் பெண்கள் குடம் எடுக்கவும் மறந்து ஆரத்தி எடுத்தார்கள்.

பெருமாள் டீக்கடையில்தான் சங்கடம் முதலில் வெளியே வந்தது. தங்கத்துக்கு ஆம்ப்ளிஃபயர் அண்ணன் முறை என்றால் தங்கம் பிறந்த பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா, காளிராஜ் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ அவர் மாமா, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அவரை அப்படியே கூப்பிட்டுக்கொண்டு அவர் மேல் ஏறி விளையாடின. "அந்த ஆம்ப்ளிஃபயரு நமக்கும் சொந்தம், அவுகளுக்கும் சொந்தம்னா, அப்ப நாமளும் அவுகளும்..." என்று ஒருவர் ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். பெஞ்சியில் இருக்கிற எல்லாரும் டீயை உற்றுப் பார்ப்பார்கள். மறுநாள் இன்னொருவர் அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் நிறுத்துவார், பெருமாளுக்கு டீ ஆறிப்போய் மறுபடி சூடு பண்ணுகிற வேலை அதிகமானது.

ஐப்பசியில் ஒரு நாள் செல்போனைத் திறந்தபோது ஜெனரேட்டரின் பெயருக்கு நேரே 'சேமம்' இல்லை, 'உள்ளே' இல்லை, 'தாய்மாமன்' என்று இருந்தது. தங்கம் அதை இன்னொரு தரம் வாசித்தாள், பிறகு காளிராஜிடம் காட்டினாள், அவன் வாசித்துவிட்டு வெளியே போய் ஜெனரேட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

"மடி மாதிரி ஒண்ணு இருக்கத்தான் செய்யுது தங்கம். டீசல் டேங்குக்கு மேல. பிள்ளை உக்காரலாம்."

"சுடாதா?"

"ஓடுனாத்தான் சுடும். காது குத்துற நேரத்துல எந்த மாமன் ஓடுறாரு?"

தங்கம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், கார்த்திகையில் முதல் முகூர்த்தத்துக்குக் காதுகுத்து என்று அப்போதே முடிவானது.

இதற்கு நடுவில் கைவசம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "மேடம், உங்க கணக்குல 'தாய்மாமன்'னு ஒரு நிலை காட்டுது, அப்படி எங்ககிட்ட எதுவும் கிடையாது, மொழிபெயர்ப்புல ஒரு சின்னத் தப்பு இருக்கு, அதை உரிமையாளர்னு மாத்திப் புதுசா அனுப்பியிருக்கோம், 'புதுப்பி'ங்கிற பொத்தானை அழுத்துனீங்கன்னா எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

"சரியாயிருச்சுன்னா இவுகள்லாம் என்ன ஆவாக?"

"சாமான் ஆயிடுவாங்க மேடம்."

"வீட்டுல காதுகுத்த வச்சிக்கிட்டு யாராவது சொந்தத்த அத்துவிடுவாகளாம்மா? நீயும் வா, பத்திரிகை அனுப்புறேன்" என்று தங்கம் போனை வைத்தாள். காதுகுத்து முடிந்த பிறகும் அந்தப் பொத்தானை அழுத்தப் போவதில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பத்திரிகை எல்லாருக்கும் போனது, எதிர்ச்சாரிக்கு மட்டும் போகவில்லை. தான் போய் நின்று அண்ணன் கதவைச் சாத்தினால் இன்னொரு தரம் தாங்க முடியாது என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு மூத்தவர் ஒருவர் இருக்கும்போது அதையெல்லாம் முடிவு செய்ய அவள் யார், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஜெனரேட்டர் இருந்த இடம் காலியாக இருந்தது, எதிர்ச்சாரியில் சங்கரவேலு வீட்டு வாசலில் அவர் நின்றார், மேலே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகையும் இருந்தன. அண்ணன் பெண்டாட்டி சந்தனமாரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மச்சான், சேமமா இருக்கீகளா, நாத்தனா நல்லாருக்காளா" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து தன்னைப் பற்றி ஒரு கேள்வி வந்து தங்கம் கேட்டதில்லை, பால் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளேயிருந்து சங்கரவேலுவின் குரல் வந்தது. "யாருட்ட பேசிட்டிருக்க? வழிய மறிச்சு நிக்கிற இரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"உங்க மூத்தவுக வந்திருக்காக. வந்து பத்திரிகைய வாங்குங்க" என்றாள் சந்தனமாரி.

அவன் வரவில்லை. ஜெனரேட்டர் போகவுமில்லை, பொழுது சாயும் வரைக்கும் அங்கேயே நின்றார், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள், சந்தனமாரி அவருக்கு மத்தியானம் ஒரு இலை போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் தாம்பாளத்தை அவளிடமே கொடுத்துவிட்டு அவர் திரும்பி வந்தார். செல்போனில் அவர் பெயருக்கு நேரே 'மனசு சரியில்லை' என்று இருந்தது, தங்கம் அவருக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

காதுகுத்து அன்றைக்குக் கார்த்திகை மாதத்துக்குச் சம்பந்தமில்லாத வெயில் அடித்தது. பந்தல் இல்லை, ஊரில் இருந்த ஒரே பந்தல் கடை எதிர்ச்சாரிக் கடைதான், அதனால் கடைக்கு முன்னால் வெட்டவெளியில் ஜமுக்காளத்தை விரித்து நடுவில் ஜெனரேட்டரை உட்கார வைத்திருந்தார்கள், அவருக்குப் புதுத் துண்டும் மாலையும் போட்டிருந்தது. பக்கத்தில் மாமன் சீராகப் பட்டுப்பாவாடையும் பழத்தட்டும் வெள்ளிக் கொலுசும் இருந்தன, அவர் அதையெல்லாம் எங்கே வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை, மாமன் சீரைப் பிரித்துப் பார்ப்பார்களே தவிர எந்தக் கடை என்று கேட்பது மரியாதை இல்லை. குழாய்களும் பெட்டிகளும் குளித்துக் குங்குமம் வைத்து வரிசையாக நின்றன, வயர்க் கட்டுகள் வாசலில் நின்று பன்னீர் தெளித்தன, தண்ணீர் லாரி ஓரமாக வந்து நின்றது, தங்கத்தின் பக்கத்து ஆட்கள் தெருவின் அந்தக் கோடியிலும் காளிராஜ் பக்கத்து ஆட்கள் இந்தக் கோடியிலும் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல நின்றுகொண்டு, கடலைமிட்டாய்த் தட்டு வரும்போது மட்டும் மறுக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது எதிர்ச்சாரியிலிருந்து சங்கரவேலு தோளில் ஒரு கட்டுக் கம்போடு வந்தான், பின்னால் அவன் ஆட்கள் தார்ப்பாயும் கயிறும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, "இந்த வேக்காட்டுல பிள்ளைய உக்கார வைப்பாகளா, ஊர் என் தொழிலத்தான் பேசும்" என்று சொல்லிவிட்டு மளமளவென்று கம்பு ஊன ஆரம்பித்தான். மூன்று பக்கம் ஊனி முடித்து நடுக்கம்பு ஊன வேண்டிய இடத்துக்கு வந்தால் அங்கே மாலையும் துண்டுமாக ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தார். "இத தள்ளுங்கடா" என்றான். அவன் ஆட்கள் தோள் கொடுத்தார்கள், கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள், கடப்பாரைதான் வளைந்தது, ஜெனரேட்டரின் மாலையில் ஒரு பூக்கூட உதிரவில்லை.

சங்கரவேலு வேர்த்து ஒழுக நின்றான். சீர்த்தட்டைப் பார்த்தான், புதுத் துண்டைப் பார்த்தான், டீசல் டேங்குக்கு மேல் பிள்ளைக்காக மடித்துப் போட்டிருந்த பட்டுத்துணியைப் பார்த்தான், அவன் முகம் கோணிக்கொண்டது.

"கூடப் பொறந்தவன் கல்லு மாதிரி உசுரோட நிக்கும்போது, இரும்பு மடியில வச்சுப் பிள்ளைக்குக் காது குத்துவாகளா?" என்று காற்றிடம்தான் கேட்டான், ஆனால் குரல் நடுவில் உடைந்துவிட்டது.

தங்கம் முதல் தரமாகக் காற்றை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள், நேரம் வந்தபோது வாயில் வந்தது இவ்வளவுதான்.

"மடி கேட்டு நான் யார் வீட்டு வாசல்லயும் நிக்கலண்ணே. கேக்காமலே குடுத்தவுக இவுக. உங்களுக்கு வேணும்னா இவுககிட்டக் கேளுங்க. நமக்கு மூத்தவுக இவுகதான்."

தெருவின் இரண்டு கோடியிலும் கடலைமிட்டாய் மெல்லுகிற சத்தம் நின்றது. சங்கரவேலு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், துடைத்த துண்டை மறுபடி தோளில் போடப் போனவன் போடவில்லை, இடுப்பில் கட்டிக்கொண்டான். ஜெனரேட்டருக்கு முன்னால் போய் நின்று குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துச் சொன்னதை, பாழாய்ப்போன மைக் பக்கத்திலேயே நின்று வாங்கி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே."

கடப்பாரைக்கு அசையாத ஜெனரேட்டர் ஜமுக்காளம் சுருங்காமல், தட்டில் பழம் உருளாமல், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்து கொடுத்தார். சங்கரவேலு அவரோடு தோள் இடிக்க உட்கார்ந்து சம்மணம் போட்டான், பட்டுத்துணியை இழுத்துப் பாதியைத் தன் மடியிலும் பாதியை அவர் மடியிலுமாக விரித்தான். குழாய்களுக்குள் சிரிப்பு போல ஒரு கரகரப்பு ஓடியது. ஆசாரி ஊசியைத் தீயில் காட்டினார், சந்தனமாரி பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தோடு ஓடி வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள், எல்லாம் தயாராக இருந்தது, பிள்ளைதான் மடிக்கு வரவில்லை.

பிள்ளை அப்பாவின் தோளில் இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால், லைட்டுக் கம்பத்தடியில், எப்போதும் நிற்கிற இடத்தில் காளிராஜ் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். மாமன் மடிக்குப் பிள்ளையை அப்பன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், கூப்பிடாமல் அப்பன் எப்படி வருவான், சங்கரவேலுக்கு அது தெரியும், ஊருக்கும் தெரியும். அவன் வாயைத் திறந்தான், அவன் நாக்குக்குப் பழகியிருந்த 'ஏ லைட்டு' நுனி வரைக்கும் வந்தது, அதை விழுங்கினான். மறுபடி திறந்தான். ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து மெல்ல இடித்ததாகப் பிறகு அவனே எல்லாரிடமும் சொன்னான்.

"மாப்பிள்ள, பிள்ளையக் கொண்டாந்து குடுங்க."

காளிராஜ் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். பின்னால் லைட்டுக் கம்பம் மட்டும்தான் இருந்தது. அவன் அதையும் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"உங்களத்தாங்க" என்றாள் தங்கம்.